முதல் நாள் ஊசி!

வீட்டில் குழந்தை பிறக்கிறது.

எல்லோருக்கும் சந்தோஷம். பாட்டி, குழந்தை யார் ஜாடை என்று பார்க்கிறாள். தாத்தா, பிறந்த நேரத்தைத் தாளில் குறித்துக் கொள்கிறார். அத்தை, என்ன பெயர் வைக்கலாம் என்று யோசிக்கிறாள். அப்பா மிட்டாய் வாங்க ஓடுகிறார்.

அந்தக் குதூகலத்தில் எல்லோரும் கேட்க மறந்துபோகும் கேள்வி ஒன்று உண்டு.

"குழந்தைக்கு முதல் நாள் ஊசி போட்டாயிற்றா?"

இந்தக் கேள்வியைக் கேட்டால் ஓர் உயிர் பிழைக்கலாம். கேட்காமல் விட்டால் அந்தக் குழந்தை முப்பது, நாற்பது வயதில் ஈரல் கெட்டுப் படுக்கையில் விழலாம்.

அப்படி என்ன ஊசி அது? எந்த நோய்க்கு?

நோயின் பெயர் 'ஹெபடைட்டிஸ் பி'. ஈரலைத் தாக்கும் நோய் இது. 'மஞ்சள் காமாலை பி' என்றும் சிலர் சொல்வார்கள்.

சத்தம் போடாத திருடன்

காய்ச்சல் வந்தால் உடம்பு சுடுகிறது. அம்மை வந்தால் உடம்பில் கொப்புளம் தெரிகிறது. ஹெபடைட்டிஸ் பி உள்ளே நுழைந்து தங்கிவிட்டால் என்ன தெரிகிறது?

பெரும்பாலும் ஒன்றுமே தெரியாது!

நன்றாகச் சாப்பிடுவார்கள். நன்றாக வேலை செய்வார்கள். இருபது வருஷம், முப்பது வருஷம் ஒரு குறையும் இருக்காது. 'மஞ்சள் காமாலை' என்று சொல்கிறோமே தவிர, கண் மஞ்சளாவதுகூட இவர்களில் பலருக்கு இல்லை.

பிறகு எப்படித்தான் தெரிகிறது? தற்செயலாகத்தான்.

ஒரு வாலிபன் இரத்ததானம் செய்யப் போகிறான். சில நாள் கழித்து, "தம்பி, கொஞ்சம் வந்து போ" என்று கூப்பிடுகிறார்கள். அவன் இரத்தத்தை யாருக்கும் கொடுக்க முடியாது என்கிறார்கள்.

ஒரு பெண் கர்ப்பமாக இருக்கிறாள். இரத்தம் எடுத்துப் பார்க்கிறார்கள். கிருமி இருக்கிறது என்று சீட்டு வருகிறது.

வளைகுடா நாட்டுக்கு வேலைக்குப் போகக் கடன் வாங்கிப் பணம் கட்டிய ஒருவர், மருத்துவச் சோதனையில் தவறிப் போகிறார். அவருக்கு அன்றைக்குத்தான் 'ஹெபடைட்டிஸ் பி' என்ற சொல்லே தெரியவருகிறது.

இவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "எனக்கா? நான் நன்றாகத்தானே இருக்கிறேன்!"

எத்தனை பேர்?

உலக சுகாதார நிறுவனம் 2022-ஆம் ஆண்டுக்குக் கணக்குப் போட்டிருக்கிறது.

உலகத்தில் நாள்பட்ட ஹெபடைட்டிஸ் பி உள்ளவர்கள் 25 கோடியே 40 லட்சம் பேர்.

அந்த ஒரே ஆண்டில் இந்த நோயால் இறந்தவர்கள் 11 லட்சம் பேர். பெரும்பாலானவர்கள் ஈரல் சுருங்கியோ, ஈரலில் புற்றுநோய் வந்தோ மாண்டார்கள்.

மிக அதிகமான நோயாளிகள் உள்ள நாடு சீனா. அடுத்தது நமது இந்தியா! இங்கே ஏறக்குறைய 3 கோடிப் பேர் இருக்கிறார்கள்.

இன்னொரு கணக்கைக் கேளுங்கள். உலகத்தில் இந்தக் கிருமி உள்ள 100 பேரை எடுத்துக் கொண்டால், தமக்கு அது இருப்பதைத் தெரிந்துகொண்டவர்கள் 13 பேர்தான். சிகிச்சை பெறுகிறவர்கள் வெறும் 3 பேர்!

மற்றவர்கள் நோயைச் சுமந்துகொண்டு, அது இருப்பது தெரியாமலே நடமாடுகிறார்கள்.

கண்டுபிடித்த கதை

இந்தக் கிருமியைக் கண்டுபிடித்தது ஒரு விசித்திரமான கதை.

அமெரிக்காவில் பாருக் பிளம்பர்க் என்று ஒரு விஞ்ஞானி இருந்தார். அவர் காமாலையைத் தேடிப் போகவில்லை. ஒரு தேசத்து மக்களின் இரத்தத்துக்கும் இன்னொரு தேசத்து மக்களின் இரத்தத்துக்கும் என்ன வித்தியாசம் என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். அதற்காகப் பல நாட்டு மக்களின் இரத்தத்தைச் சேகரித்து வைத்திருந்தார்.

அதில் ஆஸ்திரேலியாவின் ஆதிக்குடி மனிதர் ஒருவரின் இரத்தமும் இருந்தது. அதிலே யாரும் முன்பு கண்டிராத ஒரு பொருள் தென்பட்டது. அதற்கு 'ஆஸ்திரேலியப் பொருள்' என்று பெயர் வைத்தார்கள். 1965-இல் அதை உலகத்துக்கு அறிவித்தார்கள்.

அது என்ன பொருள்? சில ஆண்டுகள் யாருக்கும் விளங்கவில்லை. பிறகுதான் தெரிந்தது, அது காமாலைக் கிருமியின் மேற்சட்டை என்று!

1970-இல் லண்டனில் டேன் என்ற டாக்டரும் அவருடைய கூட்டாளிகளும் பெரிய பூதக் கண்ணாடி போன்ற எலெக்ட்ரான் கருவியால் முழுக் கிருமியையும் பார்த்துவிட்டார்கள்.

பிளம்பர்க்குக்கு 1976-இல் நோபல் பரிசு கிடைத்தது. அவர் பிறந்த நாளான ஜூலை 28-ஐத்தான் இப்போது உலக ஹெபடைட்டிஸ் தினமாகக் கொண்டாடுகிறார்கள்.

ஒரு பத்தி அளவு எழுத்து!

இந்தக் கிருமி எவ்வளவு சிறியது தெரியுமா?

உயிருள்ள எல்லாவற்றுக்கும் உள்ளே ஒரு குறிப்பு எழுதப்பட்டிருக்கிறது. 'நீ இப்படி வளர வேண்டும், இன்னதைச் செய்ய வேண்டும்' என்கிற குறிப்பு அது. அதற்கு 'டி.என்.ஏ.' என்று பெயர். நான்கே நான்கு இரசாயன எழுத்துக்களை மாற்றி மாற்றிப் போட்டு அந்தக் குறிப்பு எழுதப்பட்டிருக்கிறது.

மனிதனுடைய குறிப்பில் ஏறக்குறைய 300 கோடி எழுத்துக்கள் உண்டு.

இந்தக் கிருமியின் குறிப்பில் எத்தனை எழுத்து? சுமார் 3,200-தான்!

அதாவது, செய்தித்தாளில் ஒரு பத்தியில் அடங்கிவிடும். அந்த ஒரு பத்திதான் ஆண்டுக்கு 11 லட்சம் பேரைக் கொல்லுகிறது!

இவ்வளவு சின்னக் குறிப்பை வைத்துக்கொண்டு அது எப்படி இத்தனை காரியம் செய்கிறது? அங்கேதான் சாமர்த்தியம்.

தமிழில் 'பலகை' என்று ஒரு சொல். சேர்த்துப் படித்தால் மரப் பலகை. பிரித்துப் படித்தால் 'பல கை', அதாவது பல கைகள். எழுத்து ஒன்றுதான்; பொருள் இரண்டு!

கிருமியின் குறிப்பும் அப்படியே. அதில் நான்கு பகுதிகள் உண்டு. ஒன்று மேற்சட்டை செய்ய. ஒன்று உள்பெட்டி செய்ய. ஒன்று பிரதி எடுக்கும் கருவி செய்ய. இன்னொன்று, ஈரலின் வேலையைத் தனக்குச் சாதகமாகத் திருப்ப. இந்த நான்கும் தனித்தனியாக எழுதப்படவில்லை. ஒன்றின்மேல் ஒன்றாக எழுதப்பட்டிருக்கின்றன. ஓரிடத்தில் தொடங்கிப் படித்தால் ஒரு செய்தி. ஓரெழுத்துத் தள்ளித் தொடங்கிப் படித்தால் வேறு செய்தி!

பிழை பார்க்க ஆள் இல்லை

ஒரு பத்திரிகை அச்சாவதற்கு முன்னால் பிழை திருத்துகிறவர் உட்கார்ந்து வரிவரியாகப் படிப்பார். அவர் இல்லாவிட்டால் பத்திரிகையில் தப்பும் தவறும் மலிந்துவிடும்.

இந்தக் கிருமி பிரதி எடுக்கும் இடத்தில் பிழை திருத்துகிறவர் இல்லை. முதலில் டி.என்.ஏ.யைப் பார்த்து ஆர்.என்.ஏ. என்ற நகலை எடுக்கிறது. அந்த நகலைப் பார்த்து மறுபடியும் டி.என்.ஏ. எழுதுகிறது. அப்படி எழுதும்போது எழுத்துக்கள் மாறிவிடுகின்றன. மாறியது மாறியதுதான்.

இப்படி மாறி மாறி இன்று உலகத்தில் பத்து வகைகள் ஆகிவிட்டன. 'ஏ' முதல் 'ஜே' வரை அவற்றுக்குப் பெயர். ஒரு வகைக்கும் இன்னொரு வகைக்கும் நூற்றுக்கு எட்டு எழுத்தாவது வேறுபடும்.

சீனா, ஜப்பான், தைவான் பக்கம் 'பி', 'சி' வகைகள் அதிகம். மேற்கு ஆப்பிரிக்காவில் 'ஈ' வகை. இந்தியாவில் 'டி' வகை மிகுதி. அடுத்தபடி 'ஏ' வகை.

வகை எதுவானால் என்ன என்று கேட்கலாம். வித்தியாசம் உண்டு. 'பி' வகை உள்ளவர்களைவிட 'சி' வகை உள்ளவர்களுக்கு ஈரல் புற்றுநோய் அதிகமாக வருகிறது என்று தைவானில் கண்டிருக்கிறார்கள்.

ஓரெழுத்து மாறினாலும் ஆபத்து வரலாம் என்பதற்கு நம் நாட்டிலேயே சாட்சி உண்டு.

2009-இல் குஜராத் மாநிலத்தில் மோடாசா என்ற ஊர்ப் பக்கத்தில் இந்த நோய் திடீரென்று பரவியது. நூற்றுக்கணக்கானவர்கள் படுத்தார்கள். பல பத்துப் பேர் மாண்டார்கள். ஒருவருக்குப் போட்ட ஊசியைச் சுத்தம் செய்யாமல் மற்றவருக்கும் போட்டதுதான் காரணம்! அந்தக் கிருமியைச் சோதித்த விஞ்ஞானிகள், அதன் குறிப்பில் சில எழுத்துக்கள் மாறியிருப்பதைக் கண்டார்கள். அந்த மாற்றத்துக்கும் அத்தனை சாவுக்கும் தொடர்பு இருக்கிறது என்று எழுதினார்கள்.

எழுத்தை மாற்றியது இயற்கை. ஊசியை மாற்றாதது மனிதன்!

பத்தாயிரம் ஆண்டுப் பகை

இது புதிய நோயா? இல்லவே இல்லை.

பூமியைத் தோண்டி எடுத்த பழங்கால மனிதர்களின் பல்லிலும் எலும்பிலும் இந்தக் கிருமியின் டி.என்.ஏ. கிடைத்திருக்கிறது. 2021-இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில் 137 பழைய கிருமிகளின் குறிப்பைப் படித்துப் பார்த்தார்கள். அவற்றில் மிகப் பழையது ஏறக்குறைய 10,500 ஆண்டுகளுக்கு முந்தியது!

மனிதன் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் குடிபெயர்ந்தபோதெல்லாம் இதுவும் கூடவே வந்திருக்கிறது.

எப்படி விடாமல் வந்தது? பெரும்பகுதி, தாயிடமிருந்து பிள்ளைக்கு!

பச்சைக் குழந்தைக்கு ஏன் ஆபத்து?

இதைத்தான் ஒவ்வொரு குடும்பமும் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டும்.

வளர்ந்த மனிதர்கள் 100 பேருக்கு இந்தக் கிருமி தொற்றினால், 95 பேருக்கு மேல் தாமாகவே அதை விரட்டிவிடுவார்கள். சில வாரம் படுத்து எழுந்திருப்பார்கள். ஐந்து பேருக்கும் குறைவானவர்களிடம்தான் அது நிலையாகத் தங்கும்.

பிறக்கும்போதே 100 குழந்தைகளுக்குத் தொற்றினால்? 90 குழந்தைகளிடம் அது ஆயுள் முழுதும் தங்கிவிடும்!

ஏன் இந்த வித்தியாசம்?

நம் உடம்பில் ஒரு காவல்படை இருக்கிறது. அந்நியர் யார் என்று பார்த்துப் பிடிப்பது அதன் வேலை. பச்சைக் குழந்தையின் காவல்படைக்கு இன்னும் சொந்தம் எது, அந்நியம் எது என்று தெரியாது. முதல் நாளே வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தவனை, 'இவனும் நம் வீட்டு ஆள்தான்' என்று நினைத்துவிடுகிறது.

பல ஆண்டுகளுக்குப் பிறகு காவல்படைக்கு விழிப்பு வருகிறது. கிருமி இருக்கும் ஈரலை அடிக்கத் தொடங்குகிறது. ஈரலைக் கெடுப்பது கிருமி மட்டுமல்ல, இந்தச் சண்டையும்தான்! அடிபட்டு, ஆறி, அடிபட்டு, ஆறி, ஈரல் தழும்பேறிச் சுருங்குகிறது. சில பேருக்குக் கிருமியின் குறிப்பு மனிதனின் குறிப்போடு கலந்து புற்றுநோய்க்கு வழி செய்கிறது.

தைவான் செய்த காரியம்

இந்தப் பகையை ஒரு சின்னத் தேசம் எப்படி அடக்கியது என்று பாருங்கள்.

தைவான் ஒரு தீவு. ஒரு காலத்தில் அங்கே பெரியவர்கள் 100 பேரில் 15 முதல் 20 பேருக்கு இந்தக் கிருமி இருந்தது. ஈரல் புற்றுநோய் அந்த நாட்டின் சாபமாக இருந்தது.

பீஸ்லி என்ற அமெரிக்க டாக்டர் 1970-களில் அங்கே தங்கி ஒரு பெரிய கணக்கெடுத்தார். அரசாங்க உத்தியோகத்தில் இருந்த 22,707 ஆண்களின் இரத்தத்தைச் சோதித்தார். 3,454 பேரிடம் கிருமி இருந்தது. பிறகு பல ஆண்டுகள் அவர்கள் எல்லோரையும் கவனித்து வந்தார்.

1981-இல் முடிவு வந்தது. அதற்குள் 41 பேர் ஈரல் புற்றுநோய்க்கு ஆளாகியிருந்தார்கள். அந்த 41 பேரில் 40 பேர் கிருமி உள்ளவர்கள்!

கிருமிக்கும் புற்றுநோய்க்கும் உள்ள உறவு அம்பலமாகிவிட்டது.

தடுப்பு மருந்தும் அப்போதுதான் வந்திருந்தது. ஆனால் விலை அதிகம். அதோடு, அந்த முதல் மருந்து மனித இரத்தத்திலிருந்து பிரித்தெடுத்தது. எய்ட்ஸ் நோயைப் பற்றிய பயம் பரவிக்கொண்டிருந்த காலம் அது. இரத்தத்திலிருந்து எடுத்த மருந்தைக் குழந்தைக்குக் கொடுப்பதா என்று பலர் பயந்தார்கள்.

தைவான் அரசாங்கம் தயங்கவில்லை. சுங் ஜுயி-லோ என்ற பேராசிரியரைப் போன்ற டாக்டர்கள் எடுத்துச் சொன்னார்கள். 1984 ஜூலை மாதம், கிருமி உள்ள தாய்மார்களின் குழந்தைகளுக்கு ஊசி போடத் தொடங்கினார்கள். 1986 முதல், பிறக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் போட்டார்கள்.

பலன்? 1984-இல் தலைநகர் தைப்பேயில் 100 குழந்தைகளில் ஏறக்குறைய 10 பேருக்குக் கிருமி இருந்தது. பத்தே ஆண்டுகளில், 1994-இல், அது ஒன்று சொச்சமாகக் குறைந்துவிட்டது!

இன்னும் பெரிய செய்தி 1997-இல் வந்தது. 6 வயது முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு வந்த ஈரல் புற்றுநோய் பாதியாகக் குறைந்துவிட்டது!

ஓர் ஊசி புற்றுநோயைத் தடுக்கும் என்று உலகத்துக்கு முதல் முதலாகக் காட்டியது அந்தச் சின்னத் தீவுதான்.

நம் நாட்டில்?

இப்போதுள்ள மருந்து மனித இரத்தத்திலிருந்து எடுப்பது அல்ல. கிருமியின் மேற்சட்டையை மட்டும் ஈஸ்ட் என்ற நுண்ணுயிரில் வளர்த்து எடுக்கிறார்கள். உள்ளே கிருமி இல்லை. ஆகவே ஊசியால் இந்த நோய் வர வழியே இல்லை. திருடனின் சட்டையைக் காவல்படைக்கு முன்கூட்டிக் காட்டி வைக்கிறோம். அவ்வளவுதான்!

1997-இல் ஹைதராபாத்தில் சாந்தா பயோடெக்னிக்ஸ் என்ற கம்பெனி இதை நம் நாட்டிலேயே தயாரித்தது. விலை மளமளவென்று இறங்கியது. 2002-இல் அரசாங்கம் சில ஊர்களில் இலவசமாகப் போடத் தொடங்கியது. 2011-இல் நாடு முழுவதும் வந்துவிட்டது. ஐந்து நோய்களைத் தடுக்கும் கூட்டு ஊசியில் இதையும் சேர்த்தார்கள். அந்தக் கூட்டு ஊசியை இந்தியாவில் முதலில் தொடங்கிய இரண்டு மாநிலங்கள் தமிழ்நாடும் கேரளமும்!

பிறகு என்ன குறை?

குறை முதல் நாளில் இருக்கிறது.

ஆறாவது வாரம், பத்தாவது வாரம், பதினான்காவது வாரம் போடும் ஊசிகளுக்குத் தாய்மார்கள் தவறாமல் வருகிறார்கள். பிறந்த 24 மணி நேரத்துக்குள் போட வேண்டிய முதல் ஊசிதான் விட்டுப்போகிறது. உலகம் முழுவதையும் சேர்த்தால், 2022-இல் இந்த முதல் ஊசி கிடைத்த குழந்தைகள் நூற்றுக்கு 45 பேர்தான்!

தாயிடமிருந்து கிருமி வருவது பிரசவ நேரத்தில். ஆறு வாரம் கழித்துப் போட்டால், திருடன் உள்ளே புகுந்த பிறகு கதவைச் சாத்தியது போல ஆகும்.

சில வீடுகளில் பெரியவர்களே தடுக்கிறார்கள்.

"பிறந்து ஒரு நாள்கூட ஆகாத பிள்ளைக்கு ஊசியா, நர்சம்மா? பாவம், துடிச்சுப் போகுமே!"

"ஒரு நிமிஷம்தான் பாட்டி அழும். இன்னைக்குப் போடாட்டிப் பின்னாலே நீங்க அழ வேண்டி வரும்!"

நர்சம்மாவின் பேச்சைக் கேளுங்கள், பாட்டிமார்களே!

கீழாநெல்லி போதுமா?

"காமாலைதானே? கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தால் போயிற்று!" இப்படிச் சொல்லாத கிராமம் தமிழ்நாட்டில் உண்டா?

கீழாநெல்லியை விஞ்ஞானிகள் அலட்சியம் செய்துவிடவில்லை. 1988-இல் சென்னை ஆராய்ச்சியாளர் எஸ்.பி.தியாகராஜனும் அவருடைய கூட்டாளிகளும் இதைப் பற்றி எழுதினார்கள். அந்தக் கட்டுரையில், நோபல் பரிசு பெற்ற அதே பிளம்பர்க்கும் கையெழுத்திட்டிருந்தார்! கிருமி உள்ள 37 பேருக்கு 30 நாள் கீழாநெல்லிப் பொடி கொடுத்ததில் 22 பேரிடம் கிருமியின் அடையாளம் மறைந்தது என்றார்கள். வெறும் பொடி கொடுத்த 23 பேரில் ஒருவருக்குத்தான் அப்படி ஆனது.

உலகமே திரும்பிப் பார்த்தது. பல இடங்களில் அதே சோதனையைச் செய்து பார்த்தார்கள். அந்தப் பலன் மறுபடி கிடைக்கவில்லை.

விஞ்ஞானத்தின் வழக்கம் இது. ஓரிடத்தில் கண்டது பல இடங்களிலும் காணப்பட்டால்தான் உண்மை என்று ஒப்புக்கொள்ளும்.

பிறகு ஏன் கீழாநெல்லி சாப்பிட்டவர்களுக்குக் காமாலை இறங்குகிறது? காமாலையில் பல வகை உண்டு. கெட்ட தண்ணீரால் வருகிற 'ஏ' வகை பெரும்பாலும் தானாகவே குணமாகிவிடும். அந்தப் பெருமை கீழாநெல்லிக்குப் போய்ச் சேருகிறது!

'பி' வகை அப்படி அல்ல. கண்ணில் மஞ்சள் போய்விட்டதால் கிருமி போய்விட்டது என்று அர்த்தம் இல்லை. இரத்தச் சோதனை செய்யாமல் பச்சிலையை நம்பிக் காலம் கடத்துவது, ஈரலைக் கறையானுக்கு விடுவது போல!

மருந்து இருக்கிறதா?

இருக்கிறது.

டெனோஃபோவிர், என்டெகாவிர் என்று மாத்திரைகள் உண்டு. கிருமி பிரதி எடுப்பதை இவை நிறுத்திவிடும். ஈரல் மேலும் கெடாமல் காப்பாற்றும். புற்றுநோய் அபாயத்தையும் குறைக்கும்.

ஆனால் அடியோடு அழிக்குமா? அழிக்காது. கிருமி தன் மூலப் பிரதியை ஈரல் செல்லின் உள்ளறையில் வட்டமாகச் சுருட்டிப் பூட்டி வைத்திருக்கிறது. மாத்திரை அச்சு இயந்திரத்தை நிறுத்துகிறது. மூலப் பிரதியைத் தொட முடிவதில்லை. அதனால்தான் பல பேர் ஆண்டுக்கணக்கில் மாத்திரை சாப்பிட வேண்டியிருக்கிறது. டாக்டரைக் கேட்காமல் திடீரென்று நிறுத்தினால் நோய் சீறி எழும்.

எல்லோருக்கும் மாத்திரை தேவைப்படுமா? இல்லை. இரத்தத்தில் கிருமி எவ்வளவு, ஈரல் எந்த நிலை என்று பார்த்து டாக்டர் சொல்வார். மாத்திரை வேண்டாம் என்று சொன்னாலும், சோதனை வேண்டாம் என்று அர்த்தம் இல்லை. அவர் சொன்ன தவணைப்படி போய்ப் பார்த்துக்கொள்ள வேண்டும். சாராயத்தைத் தொடவே கூடாது.

2018 ஜூலை 28 அன்று இந்திய அரசாங்கம் இதற்காகவே ஒரு திட்டத்தைத் தொடங்கியது. அதன்படி அரசாங்க ஆஸ்பத்திரிகளில் சோதனையும் மாத்திரையும் இலவசம்.

தட்டைப் பிரிக்காதீர்கள்!

நோயைவிடக் கொடியது ஒன்று உண்டு. அது நம் மனத்தில் இருக்கிறது.

மருமகளுக்கு இந்தக் கிருமி இருக்கிறது என்று தெரிந்தவுடன், தனித் தட்டு, தனி டம்ளர்! "குழந்தையைத் தொடாதே!" என்ற சொல்! சில இடங்களில், "பெண்ணைப் பிறந்த வீட்டுக்கே அனுப்பிவிடு" என்ற பஞ்சாயத்து!

இது அநியாயம். அறியாமையும்கூட.

ஒரே தட்டில் சாப்பிட்டால் இந்தக் கிருமி ஒட்டாது. கையைத் தொட்டால் ஒட்டாது. கட்டி அணைத்தால் ஒட்டாது. தும்மினால், இருமினால் ஒட்டாது. குழந்தைக்கு ஊசி போட்டுவிட்டால், தாய் தாராளமாகத் தாய்ப்பால் கொடுக்கலாம்.

பரவும் வழி வேறு. இரத்தத்தின் மூலம் பரவும். உடலுறவின் மூலம் பரவும். பிரசவத்தில் தாயிடமிருந்து பிள்ளைக்கு வரும். ஒருவருக்குப் போட்ட ஊசியை மற்றவருக்குப் போட்டால் வரும். சவரக் கத்தி, பிளேடு, பச்சை குத்தும் ஊசி, காது குத்தும் ஊசி இவற்றாலும் வரலாம். உடம்புக்கு வெளியே இந்தக் கிருமி ஏழு நாள் வரை உயிரோடு இருக்கக்கூடியது!

ஆகவே பிரிக்க வேண்டியது பிளேடை, தட்டை அல்ல!

அந்த மருமகளுக்குக் கிருமி எங்கிருந்து வந்திருக்கும்? பெரும்பாலும், அவள் பிறந்த அன்றைக்கே வந்திருக்கும். பிறந்த குழந்தை என்ன பாவம் செய்தது? அவளுடைய அம்மாவுக்கும் தெரியாது. அம்மாவைப் பெற்ற பாட்டிக்கும் தெரியாது. அவர்கள் காலத்தில் ஊசியும் இல்லை, சோதனையும் இல்லை.

நம் காலத்தில் இரண்டும் இருக்கிறது. அப்படி இருந்தும் நாம் கோட்டைவிட்டால், அந்தப் பழி நம்முடையது!

நாம் செய்ய வேண்டியது

கர்ப்பமான பெண்கள், மாதம் கடத்தாமல் இந்த இரத்தச் சோதனையைச் செய்துகொள்ள வேண்டும். கணவரும் கூடப் போக வேண்டும்.

கிருமி இருப்பது தெரிந்தால் பயப்பட வேண்டாம். மறைக்கவும் வேண்டாம். ஆஸ்பத்திரியில் பிரசவம் ஆகட்டும். தேவையானால் தாய்க்குக் கடைசி மாதங்களில் மாத்திரை கொடுப்பார்கள். குழந்தைக்குப் பிறந்தவுடன் தடுப்பு ஊசியோடு, உடனடிப் பாதுகாப்புத் தரும் இன்னோர் ஊசியும் போடுவார்கள். இப்படிச் செய்தால் பெரும்பாலான குழந்தைகள் தப்பித்துவிடும்.

தாய்க்குக் கிருமி இல்லாவிட்டாலும், ஒவ்வொரு குழந்தைக்கும் 24 மணி நேரத்துக்குள் முதல் ஊசி வேண்டும். மற்ற ஊசிகளையும் விடக் கூடாது.

வீட்டில் ஒருவருக்கு இருந்தால், மற்ற எல்லோரும் சோதித்துக்கொள்ள வேண்டும். இல்லாதவர்கள் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். அதன் பிறகு கணவன்-மனைவி வாழ்க்கைக்கும் தடை இல்லை.

ஊசி போடுகிறவரிடம், "புது ஊசிதானே?" என்று கேட்கக் கூச்சப்பட வேண்டாம். சலூனில், "புது பிளேடு போடுங்கண்ணே" என்று சொல்லத் தயங்க வேண்டாம்.

ஆஸ்பத்திரிகளுக்கும் ஒரு வார்த்தை. குழந்தை எந்த நேரத்தில் பிறந்தாலும், அது ஞாயிற்றுக்கிழமையானாலும், பொங்கல் தினமானாலும், முதல் ஊசி தவறக் கூடாது. "நாளைக்குப் போடலாம்" என்ற பேச்சு கூடாது. மருந்துப் பெட்டியின் சாவி லீவில் போகக் கூடாது!

பத்தாயிரம் ஆண்டுகளாகத் தாய் அறியாமல் பிள்ளைக்குக் கொடுத்து வந்த சீதனம் இது. வேண்டாத சீதனம்! அந்தச் சங்கிலியில் ஒரே ஒரு கண்ணியை அறுத்தால் போதும். தைவான் அறுத்துக் காட்டிவிட்டது.

அடுத்த முறை உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ குழந்தை பிறந்தால், பெண்ணா, பிள்ளையா என்று கேளுங்கள். எடை எவ்வளவு என்று கேளுங்கள். யார் ஜாடை என்றும் பாருங்கள்.

அதோடு இதையும் கேளுங்கள்:

"முதல் நாள் ஊசி போட்டாயிற்றா?"